தரவுத்தளமும் இயல்பமைப்பும்

தரவுத்தளம் ஒன்றை நிறுவுவோர் அதன் அமைப்புகள் அனைத்தையும் ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. பெரும்பாலோர் வந்தபடியே விட்டுவிடுகின்றனர். எவரும் ஒன்றும் குறிக்காதபோது செல்லுபடியாகும் மதிப்பே இயல்பமைப்பு எனப்படும். அதனை வகுப்பவர், அறியாதோர் அனைவருக்குமாக முடிவு செய்கிறார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் துப்புரவு வசதி இதற்குத் தக்க சான்றாகும்.

துப்புரவின் தேவை

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தினால் அதன் பழைய வடிவம் உடனே நீங்குவதில்லை; அதனை அப்போது படித்துக்கொண்டிருப்பவருக்கு அது வேண்டியிருக்கலாம். தேவை தீர்ந்த பின்னும் அது இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அட்டவணை பெருக்கிறது; தேடல் தாமதமாகிறது. இத்தகைய பதிவுகளை அகற்றும் பணிக்கு ‘வாக்கும்’ என்று பெயர். பரிவர்த்தனை எண்கள் சுற்றி வந்து பழைய தரவு மறைந்துபோகாமல் காப்பதும் இப்பணியே.

இயல்பமைப்பு மாறிய வரலாறு

2005ஆம் ஆண்டு வெளிவந்த 8.1ஆம் பதிப்பில் தானியங்கித் துப்புரவு தரவுத்தளத்தின் உள்ளுறுப்பாயிற்று. ஆயினும் அது இயங்கா நிலையிலேயே வழங்கப்பட்டது. அதற்கு ஆதாரமான புள்ளிக் கணக்கெடுப்பையும் தனியே இயக்க வேண்டியிருந்தது. இதனால், மறந்துவிடுவோருக்கென ஏற்பட்ட உதவி, நினைவில் வைத்திருப்போருக்கு மட்டுமே கிட்டிற்று. 2008ஆம் ஆண்டின் 8.3ஆம் பதிப்பில் இவ்விரண்டும் இயல்பாகவே இயங்கத் தொடங்கின.

அளவு வகுக்கும் முறை

எப்போது துப்புரவு செய்வது? எல்லா அட்டவணைகளுக்கும் ஒரே எண் பொருந்தாது. ஆகவே 50 என்னும் அடிப்படை எண்ணுடன் மொத்தப் பதிவுகளில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டப்படுகிறது. 1,000 பதிவுகள் உள்ள அட்டவணையில் பயனற்றவை 250ஐக் கடந்தால் துப்புரவு தொடங்கும். 10 கோடிப் பதிவுகள் உள்ளதிலோ ஏறத்தாழ 2 கோடி சேரும்வரை தொடங்காது. மிகப் பெரிய அட்டவணைகளில் இத்தாமதம் எல்லையின்றி வளராதிருக்க, 2025ஆம் ஆண்டு வந்த 18ஆம் பதிப்பு 10 கோடி என்னும் உச்சவரம்பை இயல்பமைப்பாகச் சேர்த்தது.

கருத்திற் கொள்ளத்தக்கவை

1. தரவைக் காக்கும் வசதி இயல்பாகவே இயங்குதல் வேண்டும்.

2. அது சார்ந்திருக்கும் பிற வசதிகளும் உடன் இயங்க வேண்டும்.

3. மதிப்பு, அட்டவணையின் அளவுக்கேற்பத் தானே மாறுதல் நலம்.

4. மாற்றும் உரிமை பயனருக்கு இருத்தல் வேண்டும். எனினும் பேரழிவுக்கு அரண் வேண்டும். தானியங்கித் துப்புரவை நிறுத்திவைத்திருந்தாலும், பரிவர்த்தனை எண் அபாயம் நெருங்கும்போது போஸ்ட்கிரெஸ் அதனைத் தானே தொடங்கிவிடுகிறது.

களப்பணியாளர் பழைய நிறுவல் ஒன்றைப் பொறுப்பேற்கும்போது, ‘ஷோ’ கட்டளையால் நடப்பிலுள்ள மதிப்பைச் சரிபார்த்தல் அவசியம். ஒரு தனி அட்டவணைக்கு மட்டும் துப்புரவு நிறுத்தப்பட்டிருக்கவும் கூடுமாதலால், அதனையும் தனியே நோக்குதல் வேண்டும்.