பல்கலைக்கழகம் நடத்திய தொலைக்காட்சி: மத்திய பென்சில்வேனியாவின் அனுபவம்

பேரவை ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, மொழியைப் பற்றி எழுதலாமா இலக்கியத்தைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால், 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் படித்த ஒரு செய்தி மனத்தை விட்டு அகலவே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், அறுபது ஆண்டுகளாகத் தான் நடத்திவந்த தொலைக்காட்சி நிலையத்தை மூடப்போவதாக அறிவித்திருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் 2006 முதல் இரண்டாண்டுகள் முதுகலை படித்தவன் நான். 'பல்கலைக்கழகத்திற்கு எதற்குத் தொலைக்காட்சி?' என்று அங்கே ஒரு கருத்தரங்க வகுப்பில் வாதாடியவனும் நானே. ஆகவே, இக்கட்டுரை ஓர் ஆய்வாக இருப்பதோடு, என் பழைய வாதத்தை நானே மறுபடி எடுத்துப் பார்ப்பதாகவும் அமைகிறது.

முதலில் ஒரு கேள்வி. பாடம் நடத்தவேண்டிய பல்கலைக்கழகம் ஒளிபரப்புத் துறையில் ஏன் இறங்கியது? இதற்கு விடை தேடினால் 19ஆம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். பென் ஸ்டேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பல்கலைக்கழகம் 1855இல் உழவர்களுக்கான உயர்நிலைப்பள்ளியாகத் தொடங்கியது. 1862இல் இயற்றப்பட்ட மோரில் சட்டம், உழவும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. அவ்வாறு நிலக்கொடை பெற்ற நிறுவனங்களில் இதுவும் ஒன்று. பின்னர் 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்ததை ஊர் ஊராகச் சென்று விவசாயிகளுக்குச் சொல்லும் பணியையும் இத்தகைய கல்லூரிகளிடம் ஒப்படைத்தது. படிக்க வருபவனுக்கு மட்டும் கற்பிப்பதோடு கடமை முடிந்துவிடவில்லை, வர இயலாதவனின் வாசலுக்கும் போகவேண்டும் என்பதே அதன் பொருள். தொலைக்காட்சி அந்த வாசலுக்குப் போக இன்னொரு பாதையாயிற்று.

1952இல் அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்புத்துறை ஆணையம், வணிக நோக்கமற்ற கல்வி ஒளிபரப்புக்கென்று 242 அலைவரிசைகளை ஒதுக்கிவைத்தது. ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரான ஃப்ரீடா ஹென்னாக் இதற்காக விடாமல் போராடியவர். மறு ஆண்டே ஹூஸ்டன் பல்கலைக்கழகம் அத்தகைய முதல் நிலையத்தைத் தொடங்கியது. பென் ஸ்டேட்டில் அப்பொழுது வேறு விதமான ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. உளவியல் பேராசிரியர் சி. ஆர். கார்ப்பென்டர், விரிவுரைகளை வளாகத்திற்குள்ளேயே கம்பிவழித் தொலைக்காட்சியில் காட்டி, மாணவர்கள் எவ்வளவு கற்கிறார்கள் என்று அளந்தார். நேரில் கேட்டவர்களுக்கும் திரையில் கண்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர் கண்ட முடிவு. கோவிட் காலத்தில் நம் விரிவுரையாளர்கள் புதிதாக விவாதித்த விஷயம், உண்மையில் எழுபது ஆண்டுப் பழைய விஷயம்!

1965 மார்ச் 1ஆம் நாள், டபிள்யூ.பி.எஸ்.எக்ஸ். என்ற பெயரில் பென் ஸ்டேட்டின் தொலைக்காட்சி நிலையம் மூன்றாம் அலைவரிசையில் ஒளிபரப்பைத் தொடங்கியது. உரிமம் வளாகம் இருக்கும் ஊரின் பெயரில் இல்லை. மேற்கே மலைப்பகுதியில் உள்ள கிளியர்ஃபீல்ட் என்னும் சிறுநகரின் பெயரில் இருந்தது. இதைச் சற்று விளக்கியாகவேண்டும், ஏனெனில் இந்த நிலையத்தின் கதையே நிலவியலில்தான் இருக்கிறது.

மத்திய பென்சில்வேனியா, மடிப்பு மடிப்பாக நீண்டு கிடக்கும் மலைத்தொடர்களின் நாடு. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இரண்டு மூன்று சிற்றூர்கள். பெருநகரத்துத் தொலைக்காட்சி அலைகள் மலையில் முட்டி நின்றுவிடும். கேபிள் தொலைக்காட்சி பிறந்த இடங்களுள் ஒன்றாகப் பென்சில்வேனியா சொல்லப்படுவதற்கும் இதுவே காரணம். மஹனாய் சிட்டி என்ற சுரங்க ஊரில் மின்சாதனக் கடை வைத்திருந்த ஜான் வால்சன், 1948இல் மலையுச்சியில் ஏரியல் நட்டுக் கம்பி இழுத்து ஊருக்குள் படம் கொண்டுவந்தார் என்பர். தொலைக்காட்சிப் பெட்டி விற்கவேண்டுமானால் அதில் படம் தெரியவேண்டுமே!

மூன்றாம் அலைவரிசையின் அலைநீளம் ஏறக்குறைய ஐந்து மீட்டர். இவ்வளவு நீண்ட அலைகள் மலைமுகட்டில் ஓரளவு வளைந்து மறுபக்கம் இறங்கும். உயர் அலைவரிசைகளின் குறுகிய அலைகளுக்கு அந்தத் திறன் குறைவு. ஆகவே, உயரமான இடத்தில் ஒரு கோபுரமும் தாழ்ந்த அலைவரிசையும் சேர்ந்தபோது, வேறு எவரும் எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்குகளுக்கும் படம் சென்றது. 2009இல் அமெரிக்கா முழுவதும் இலக்கமுறைக்கு மாறியபோது இந்தக் கணக்கும் மாறிப்போனது. பழைய முறையில் அலை பலவீனமானால் படம் புள்ளி புள்ளியாக, 'பனி பெய்து' தெரியும். இலக்கமுறையில் படம் முழுமையாக இருக்கும், அல்லது அடியோடு இராது.

நான் வாடகை குறைவு என்பதற்காக வளாகத்திலிருந்து முக்கால் மணிநேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் எழுபது வயதைக் கடந்தவர். கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து மறைந்தவர். கேபிளுக்குக் கட்டணம் கட்ட மனமில்லை அவருக்கு. முயல்காது ஏரியலில் அவருக்குத் தெளிவாகக் கிடைத்தது இந்த ஒரு நிலையம்தான். 2005இல் அதன் பெயர் டபிள்யூ.பி.எஸ்.யு. என்று மாறியிருந்தது, அவர் மட்டும் கடைசிவரை 'மூன்றாம் நம்பர்' என்றே சொல்வார். மாலையில் வானிலை நிகழ்ச்சி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். அது பல்கலைக்கழக வானிலைத் துறையே தயாரித்த நிகழ்ச்சி. பேராசிரியர்களும் மாணவர்களும் வரைபடத்தைக் காட்டி, நாளை பனி பொழியும் என்பதோடு நிற்காமல் ஏன் பொழியும் என்றும் பொறுமையாக விளக்குவார்கள். அந்த அம்மையார் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. ஆனால், தாழ்வழுத்த மண்டலம் எப்படி நகரும் என்று எனக்கு விளக்கியவர் அவர்தான்.

இந்நிலையம் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது 'நம்ம ஊர்' என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு தொடர். ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்து, அவ்வூர் மக்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்துவிடுவார்கள். பழைய இரயில் நிலையம், தேவாலய விருந்து, தீயணைப்புத் தொண்டர் படை என்று தமக்கு எது முக்கியமோ அதை அவர்களே படம் பிடித்துவந்து பேசுவார்கள். கேமரா சில நேரம் நடுங்கும், பேச்சு தடுமாறும். ஒரு மணிநேரம் முழுக்க முடிதிருத்தும் கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் தங்கள் ஊரைப் பற்றிப் பேசுவதைக் காட்ட எந்த வணிக நிலையம் முன்வரும்? தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு, நம் தோட்டங்கள் துண்டாடப்படுமுன் இப்படி ஒரு கேமரா கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் அன்றே எழுந்தது.

இனி, பணத்தைப் பற்றி. 1967இல் இயற்றப்பட்ட பொது ஒளிபரப்புச் சட்டத்தின் வழி பொது ஒளிபரப்புக் கழகம் அமைந்தது. கூட்டரசு தந்த பணத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளூர் நிலையங்களுக்கு அது பிரித்தளித்தது. எஞ்சியதைப் பல்கலைக்கழகமும் நேயர்களின் நன்கொடையும் ஈடுகட்டின. நன்கொடை வாரம் வந்தால் நிகழ்ச்சியை நடுவில் நிறுத்திவிட்டுத் தொலைபேசி எண்ணைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். திருவிழாவுக்கு முன் கோயில் நிர்வாகத்தினர் ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருவது நினைவுக்கு வரும். நகரத்தில் இலட்சக்கணக்கான வீடுகள் கொடுக்கும். மலைநாட்டில் வீடுகளே குறைவு. ஆனால் கோபுரத்தின் செலவு வீடுகளை எண்ணிக் குறைவதில்லை. கிராமப்புற நிலையம் அரசுப் பணத்தை அதிகம் நம்பியிருப்பது இதனால்தான்.

என் கருத்தரங்க வாதம் என்னவென்றால், கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவனின் பணத்தில், மாணவரல்லாதவருக்குத் தொலைக்காட்சி நடத்துவது நியாயமா என்பதுதான். இன்னொன்றும் சொன்னேன்: உரிமம் பல்கலைக்கழகத்திடம் இருக்கும்போது, அதே பல்கலைக்கழகத்தைப் பற்றி அந்நிலையத்தின் செய்தியாளர் எப்படித் துணிந்து எழுதுவார்? முதல் வாதத்தை வீட்டுக்கார அம்மையார் எனக்கே தெரியாமல் கரைத்துவிட்டார். இரண்டாவது வாதத்தை இன்றும் நான் முற்றாகக் கைவிடவில்லை. ஆயினும் 2025இல், தங்கள் நிலையத்தை மூடும் முடிவைப் பற்றி அந்நிலையத்தின் செய்தியாளர்களே செய்தி வெளியிட்டதைப் படித்தபோது, அவ்வளவு உறுதியாக நான் பேசியிருக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

அந்த ஆண்டின் நிகழ்வுகள் மிக விரைவாக நடந்தன. ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம், ஏற்கெனவே ஒதுக்கியிருந்த இரண்டாண்டுக்கான 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் பொது ஒளிபரப்புக் கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. செப்டம்பரில், பிலடெல்ஃபியாவின் டபிள்யூ.எச்.ஒய்.ஒய். நிலையத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தைப் பென் ஸ்டேட் அறங்காவலர்களின் குழு ஒன்று நிராகரித்தது. 2026 ஜூன் 30க்குள் ஒளிபரப்பு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு தொடர்ந்து வந்தது. நேயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அக்டோபரில் அறங்காவலர்கள் திருத்திய திட்டமொன்றை ஏற்று, நிலையத்தை டபிள்யூ.எச்.ஒய்.ஒய்.யிடம் ஒப்படைக்க ஒப்புதல் அளித்தனர்.

மூடுவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால், பிலடெல்ஃபியா அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில், மலைகளுக்கு அப்பால் உள்ள பெருநகரம். அங்கே அமர்ந்து நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிப்பவருக்குக் கிளியர்ஃபீல்டின் தீயணைப்புத் தொண்டர் படை எவ்வளவு முக்கியமாகப் படும் என்பதே என் கவலை. நாடு திரும்பிய பிறகு சில ஆண்டுகள் அந்த அம்மையாரிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை வந்துகொண்டிருந்தது. 2009 டிசம்பரில் வந்த அட்டையில், புதிய மாற்றுப்பெட்டி வாங்கியும் மூன்றாம் நம்பர் சரியாகக் கிடைக்கவில்லை என்றும், ஏரியலைச் சமையலறைச் சன்னலுக்கு மாற்றிய பிறகு கிடைக்கிறது என்றும், அதனால் இப்பொழுதெல்லாம் சமையலறையிலேயே உட்கார்ந்து பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.