பர்மிங்ஹாமில் பிடித்த வரி, திருச்சியில் காட்டாத வருமானம்

கேள்வி: பிரிட்டனில் பர்மிங்ஹாம் நகரில் 27 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2018 மே மாதம் மனைவியுடன் திருச்சிக்கே திரும்பிவிட்டேன். வயது 73. பிரிட்டிஷ் குடியுரிமை, ஓ.சி.ஐ. அட்டை உண்டு. எனக்கு மூன்று பென்ஷன்கள். தனியார் தொழிற்சாலையில் வேலை செய்ததற்கு ஆண்டுக்கு 15,000 பவுண்டு, அதற்கு முன் நகர மன்றத்தில் சில காலம் வேலை செய்ததற்கு 3,600, பிரிட்டிஷ் அரசின் முதியோர் பென்ஷன் 8,000. மூன்றும் அங்குள்ள என் வங்கிக் கணக்கிலேயே வரவாகின்றன. தேவைப்படும்போது இங்கே வரவழைத்துக்கொள்கிறேன். கம்பெனி பென்ஷனில் ஆண்டுதோறும் சுமார் 2,800 பவுண்டு வரி பிடிக்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவர் இதைத் திரும்பப் பெறலாம் என்று நண்பர் ஒருவர் இப்போதுதான் சொன்னார். எட்டு ஆண்டு வரியையும் பெற முடியுமா? 30 சதவீதக் கமிஷனுக்கு வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். இங்கே டெபாசிட் வட்டிக்கு மட்டும் ஐ.டி.ஆர்.-1 தாக்கல் செய்துவருகிறேன். பென்ஷனுக்கு அங்கேயே வரி பிடித்துவிடுவதால் அதை இங்கே காட்டவில்லை. — பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். உங்கள் வழக்கைத் தீர்மானிக்கும் வரியை நீங்கள் கடைசியில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘இங்கே காட்டவில்லை.’ அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

பெறலாம். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான 1993-ஆம் ஆண்டு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவுப்படி, ஒருவரின் பென்ஷனுக்கு அவர் வசிக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம். ‘மட்டுமே’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனி பென்ஷனும் முதியோர் பென்ஷனும் இதில் அடங்கும். முதியோர் பென்ஷனில் வரி பிடிப்பதில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிடிக்கிறார்கள்; அதற்குரிய வரியையும் சேர்த்துக் கம்பெனி பென்ஷனில் கழித்துக்கொள்கிறார்கள். (அந்தப் பென்ஷன் 2018-லிருந்து ஒரு பென்ஸ்கூட ஏறவில்லையே என்றும் வருந்தியிருக்கிறீர்கள். இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு பிரிட்டன் அதை ஆண்டுதோறும் உயர்த்துவதில்லை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

நகர மன்றப் பென்ஷன் வேறு கணக்கு. உள்ளாட்சிப் பணிக்கான பென்ஷன் 19-ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு வரி விதிக்கும் உரிமை பிரிட்டனுக்கே. வாங்குபவர் இந்தியாவில் வசிப்பதோடு இந்தியக் குடியுரிமையும் உள்ளவராக இருந்தால்தான் அந்த உரிமை இந்தியாவுக்கு மாறும். ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை ஆகாது. ஆனாலும் 3,600 பவுண்டு என்பது பிரிட்டிஷ் குடிமக்கள் எங்கு வசித்தாலும் அங்கே கிடைக்கும் 12,570 பவுண்டு விலக்குக்குள் அடங்கிவிடுவதால், மற்ற இரண்டும் விலகிய பிறகு அதற்கு வரி எதுவும் வராது. நீங்கள் சொன்ன தொகைகள் சரியென்றால், பிடித்த 2,800 முழுவதையும் கேட்கலாம்.

ஆனால் எட்டு ஆண்டுக்கும் கேட்க முடியாது. பிரிட்டனின் வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடிகிறது. அது முடிந்து நான்கு ஆண்டுக்குள் கோர வேண்டும். 2018-19, 2019-20, 2020-21 மூன்றும் போய்விட்டன. மூன்றையும் கூட்டினால் எட்டாயிரம் பவுண்டுக்கு மேல். 2021-22-க்கான கடைசி நாள் இந்த 2026 ஏப்ரல் 5. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது இரண்டு மாதம்கூட மிச்சமிருக்காது.

இவ்வளவு தாமதத்துக்குக் கடிதத்தில் சொல்லியிருக்கும் காரணம், யாரும் சொல்லவில்லை என்பது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது பிரிட்டிஷ் வருவாய், சுங்கத் துறைக்கு ‘நாட்டை விட்டுப் போகிறேன்’ என்று தெரிவிக்கும் பி85 படிவத்தை நீங்கள் கொடுக்கவில்லை. அதைவிட மோசம், அந்தத் துறையில் இன்றுவரை பர்மிங்ஹாமில் இருக்கும் மகன் வீட்டு முகவரியே பதிவில் இருக்கிறது. அவர்கள் கணக்கில் நீங்கள் இன்னும் அந்த ஊர்க்காரர். உங்களிடம் வரி பிடித்ததில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. பென்ஷன் தரும் நிறுவனம் ஆண்டு முடிவில் அனுப்பும் பி60 தாள்தான் வரி பிடித்ததற்கு அத்தாட்சி. அவற்றில் ஒன்றின் நகலை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டு, மற்றவை ‘மகன் வீட்டில் எங்கேயோ இருக்கும்’ என்கிறீர்கள். எங்கேயோ இருக்கும் தாளை வைத்து எந்த நாட்டிலும் யாரும் பணம் தரமாட்டார்கள். இன்றே மகனிடம் தேடச் சொல்லுங்கள். கிடைக்காத ஆண்டுகளுக்கு, கொடுத்த பென்ஷனும் பிடித்த வரியும் எவ்வளவு என்று பென்ஷன் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே முகவரியையும் மாற்றுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி.

வரியைத் திரும்பக் கேட்கும் டி.டி.-இன்டிவிஜுவல் என்ற படிவத்தில், நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், இங்கே வரிக்கு உட்பட்டவர் என்று இந்திய வருமான வரித் துறை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு 10எஃப்ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 10எஃப்பி படிவத்தில் வசிப்புச் சான்றிதழ் பெற வேண்டும். யாரிடம்? உங்கள் பான் எண் எந்த வார்டில் இருக்கிறதோ அந்த மதிப்பீட்டு அதிகாரியிடம். அவர் முதலில் பார்ப்பது உங்கள் பழைய ரிட்டர்ன்களை. அதில் டெபாசிட் வட்டி இருக்கிறது, பென்ஷன் இல்லை. பிரிட்டனிடம் ‘என் பென்ஷனுக்கு இந்தியாதான் வரி விதிக்க வேண்டும்’ என்று கேட்க, இந்தியாவிடம் இதுவரை சொல்லாத அதே பென்ஷனைக் காட்டியே ஆக வேண்டும்.

‘அங்கேதான் வரி பிடித்துவிட்டார்களே’ என்ற சமாதானம் சட்டத்தில் நிற்காது. சாதாரணமாக இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலைக்கு வந்துவிட்டவருக்கு உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமும் இங்கே வரிக்குரியது. வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ வருமானமோ இருப்பவர் ஐ.டி.ஆர்.-1 போடவே கூடாது, ஐ.டி.ஆர்.-2 போட்டு, வெளிநாட்டு வருமானத்தையும் சொத்தையும் அதற்குரிய அட்டவணைகளில் காட்ட வேண்டும். நகர மன்றப் பென்ஷனுக்கு இங்கே வரி இல்லை என்றாலும் அதையும் சொல்லிவிட்டுத்தான் விலக்கு கேட்க வேண்டும்.

அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். படிவம் 67 போட்டுக் கழிக்கும் வழி இருக்கிறது. ஆனால் 128-ஆம் விதிப்படி, ஒப்பந்தத்துக்கு உட்பட்டு அந்த நாடு விதிக்கக்கூடிய வரிக்குத்தான் அந்தக் கழிவு. ஒப்பந்தப்படி பிரிட்டன் பிடித்திருக்கவே கூடாத வரியை இந்திய அரசு ஏன் ஈடுகட்ட வேண்டும்? ‘அங்கேயே போய்த் திரும்பக் கேள்’ என்றுதான் அதிகாரி சொல்வார். ஆக, அங்கே கேட்காமல் இங்கே தீராது. இங்கே காட்டாமல் அங்கே கேட்க முடியாது.

முகவர் உங்களிடம் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 2021-22-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். கம்பெனி, முதியோர் பென்ஷன்கள் சேர்ந்து 23,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் உத்தேசமாக 23 லட்சம் ரூபாய். இதற்கு இந்தியாவில் வரி நான்கரை லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். பிரிட்டனிலிருந்து திரும்பி வருவது அதே மதிப்பில் இரண்டே முக்கால், மூன்று லட்சம். இதில் முகவருக்கு 30 சதவீதம். சமீபத்திய ஆண்டுகளில் இங்கே வரி விகிதம் குறைந்திருப்பதால் இடைவெளி சுருங்கியிருக்கிறது. ஆனால் பழைய ஆண்டுகளுக்கு லாபம் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். சரியான மாற்று விகிதம் 115-ஆம் விதிப்படி ஸ்டேட் வங்கியின் தந்திப் பரிமாற்ற வாங்கும் விலை, அந்தக் கணக்கை ஆடிட்டர் போடட்டும்.

சரி, நஷ்டம் என்றால் அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். எழுதிக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் எதிர்பார்ப்பது அந்தப் பதிலைத்தான். என்னால் சொல்ல முடியாது. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தாமாகவே ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியாவும் பிரிட்டனும் 2017-லிருந்து இருக்கின்றன. அந்த விவரங்களை வைத்து 2024 நவம்பரில், வெளிநாட்டுச் சொத்தை ரிட்டர்னில் காட்டாதவர்களுக்கு வருமான வரித் துறை குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. உங்களுக்கு வந்ததா? பழைய செல்பேசியையும் பார்க்காத மின்னஞ்சலையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். வெளிநாட்டுச் சொத்தை மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் அபராதம் உண்டு. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் இல்லை. உங்கள் பிரிட்டிஷ் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை நான்கு பக்கத்தில் எங்குமே நீங்கள் சொல்லவில்லை.

திருத்திக்கொள்ளச் சட்டம் விட்டிருக்கும் வாசல், புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். வரியோடும் வட்டியோடும் கூடுதல் வரி கட்ட வேண்டும்; முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று ஏறும். 2021-22 நிதியாண்டுக்கு இன்றைக்கு 60; மார்ச் 31 தாண்டினால் 70. அதோடு, ஒப்பந்தத்தின் கீழ் வந்த தகவலை அதிகாரி உங்களுக்கு முறைப்படி தெரிவித்துவிட்டால் அந்த ஆண்டுக்கு இந்த வாசல் சாத்தப்படும். அவர் முந்தும்முன் நீங்கள் முந்த வேண்டும்.

ஊர் திரும்பிய முதல் ஆண்டுகளைப் பற்றி ஓர் ஆறுதல். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து வந்தவர் சிறிது காலத்துக்கு ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலையில் இருப்பார். வெளிநாட்டில் ஈட்டி, வெளிநாட்டிலேயே பெற்ற பென்ஷனுக்கு அப்போது இங்கே வரி இல்லை. 2018-19, 2019-20 இரண்டும் உங்களுக்கு அப்படித்தான் தெரிகின்றன. 2020-21 சந்தேகம், அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729-ஐத் தாண்டியதா என்று பாஸ்போர்ட் முத்திரைகளை எண்ணித்தான் சொல்ல முடியும். தாண்டியிருந்தால் அந்த ஆண்டுக்கான புதுப்பித்த ரிட்டர்னுக்குக் கடைசி நாள் இந்த மார்ச் 31. பிரிட்டனில் அந்த ஆண்டின் வரி ஏற்கெனவே போய்விட்டது. இரண்டு பக்கமும் இழப்பு. பழைய பாஸ்போர்ட்டையாவது பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

உடனே செய்ய வேண்டியது: வெளிநாட்டு வருமானத்தில் பழக்கமுள்ள ஆடிட்டரையும், வருமான வரி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரையும் இந்த வாரமே நேரில் பாருங்கள். பான் எண் இன்னும் வெளிநாடு வாழ்வோருக்கான வார்டில் கிடக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அதை மாற்றுவதிலேயே வாரங்கள் போகும், சான்றிதழும் அதுவரை நகராது. அதற்காகப் பிரிட்டனில் கோரிக்கையைத் தள்ளிப்போட வேண்டாம். கையில் இருக்கும் தாள்களோடும், 10எஃப்ஏ விண்ணப்பித்ததற்கான ரசீதோடும் ஏப்ரல் 5-க்கு முன்பே போய்ச் சேரும்படி அனுப்ப முடியுமா என்று அந்நாட்டு வரி ஆலோசகர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்நாட்டுச் சட்டத்தில் அவர் சொல்வதே செல்லும். நான் இங்கே சொல்வது பொதுவான வழிகாட்டல், உங்கள் ஆவணங்களைப் பார்த்து எழுதிய கருத்துரை அல்ல. கோரிக்கை ஏற்கப்பட்டால் பென்ஷன் நிறுவனத்துக்கு ‘என்.டி.’ என்ற குறியீடு போகும். அதன் பிறகு வரி பிடிக்கமாட்டார்கள். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமகன் என்றால் இங்கே உங்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது; ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். அதையும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

முகவரிடம் இதுவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று நம்புகிறேன். டி.டி.-இன்டிவிஜுவல் படிவத்துக்குப் பிரிட்டனில் கட்டணம் கிடையாது. பணம் தன் கணக்குக்கே வரும்படி அவர் அதிகாரப் பத்திரம் கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள்; கொடுத்திருந்தால் அதன் நகலையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். அசல் பி60-களைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம். தொலைந்தால் நாங்கள் பொறுப்பல்ல.