நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி: அடிப்படைச் சொற்கள்

கோலார் தங்க வயலில் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கப் பணியைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. பூமிக்கடியில் இறங்கிய ஒவ்வொரு தொழிலாளியின் உயிரும் கூண்டு, வடம், அவற்றை இயக்கும் எந்திரம் ஆகியவற்றை நம்பியிருந்தது. கூண்டு உச்சி எல்லையைத் தாண்டினால் எந்திரம் உடனே நின்றாக வேண்டும். இந்த ஒரு தேவையைக் கொண்டே இன்றைய தொழிற்சாலைகளின் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவியைப் புரிந்துகொள்ளலாம். தொழிலகங்களில் இது 'பி.எல்.சி.' எனப்படுகிறது.

தோற்றம்

முன்பு இத்தகைய கட்டுப்பாட்டை ரிலேக்கள் செய்தன. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச் ஆகும். வேலை முறையை மாற்ற வேண்டுமெனில் கம்பிகளையே கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. இதற்கு மாற்று வேண்டுமென 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கோரியது. ரிச்சர்டு மோர்லி குழுவினர் உருவாக்கிய 'மோடிகான்' கருவி அதற்கு விடையாக அமைந்தது. கம்பிக்குப் பதில் நிரலை மாற்றினால் போதும் என்பதே அதன் சிறப்பு.

முக்கியச் சொற்கள்

உள்ளீடு: வெளியிலிருந்து கருவிக்கு வரும் செய்தி. பொத்தான், கூண்டின் உச்சியிலுள்ள லிமிட் சுவிட்ச் ஆகியவை இதனைத் தருகின்றன.

வெளியீடு: கருவி பிறப்பிக்கும் ஆணை. மோட்டார் ஓடுவதும் பிரேக் விடுபடுவதும் இதன்படியே.

ஏணி வரைபடம்: நிரலை எழுதும் முறை. இரு செங்குத்துக் கோடுகளுக்கிடையே ஏணிப்படிபோல் நிபந்தனைகள் அமைகின்றன. தொடராக அமைந்தால் எல்லா நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். இணையாக அமைந்தால் ஒன்று நிறைவேறினால் போதும்.

ஸ்கேன்: உள்ளீடுகளைப் படித்தல், நிரலை நிறைவேற்றுதல், வெளியீடுகளைப் புதுப்பித்தல் என்ற தொடர் சுழற்சி. ஒரு சுழற்சிக்குப் பொதுவாகச் சில மில்லி விநாடிகளே ஆகும். அதைவிடக் குறுகிய நேரமே வந்துபோகும் உள்ளீட்டைக் கருவி காணாமல் விட்டுவிடக்கூடும்.

டைமர், கவுண்டர்: முன்னது காலத்தை அளக்கும், பின்னது நிகழ்ச்சிகளை எண்ணும்.

இடைப்பூட்டு: ஒரு நிபந்தனை நிறைவேறாதவரை மற்றொரு செயலைத் தடுப்பது. கூண்டின் கதவு மூடப்படாமல் மோட்டார் இயங்காதிருப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

கவனிக்க வேண்டிய ஒன்று

தொடுமுனைகள் இருவகைப்படும். இயல்பில் திறந்தது அழுத்தும்போது மின்னோட்டத்தை விடும். இயல்பில் மூடியது அழுத்தும்போது துண்டிக்கும். உச்சி எல்லைக்கு இயல்பில் மூடிய தொடுமுனையையே பயன்படுத்த வேண்டும். காரணம் எளிது. கம்பி அறுந்தாலும் மின்னோட்டம் நிற்கும், எந்திரமும் நிற்கும். திறந்த வகையைப் பொருத்தியிருந்தால், அறுந்த கம்பி எவருக்கும் தெரியாது. ஆபத்து நேரும்போதுதான் வெளிப்படும்.

இங்குதான் மாணவர் பலர் தடுமாறுகின்றனர். வெளியே மூடிய தொடுமுனை இருப்பதால் ஏணி வரைபடத்திலும் மூடிய குறியையே எழுதிவிடுகின்றனர். இது தவறு. எல்லாம் சீராக உள்ளபோது அந்த உள்ளீட்டின் மதிப்பு 1. எனவே, நிரலில் திறந்த குறியை எழுதினால்தான் மோட்டாருக்கு அனுமதி கிடைக்கும். வெளியிலுள்ள தொடுமுனை ஒரு பொருள். நிரலிலுள்ள குறியோ, உள்ளீட்டின் மதிப்பைக் குறித்த ஒரு வினா. அவசர நிறுத்தத்தை நிரலின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடலாகாது. மின்சுற்றை நேரடியாகத் துண்டிக்கும் தனி ஏற்பாடும் தேவை.

பயிற்சியின் தேவை

சுரங்கங்கள் மூடப்பட்டபின் தங்க வயலிலிருந்து பெருந்திரளானோர் நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று பணிபுரிகின்றனர். அவர்களுள் தொழிற்சாலைகளில் சேரும் இளைஞருக்கு இச்சொற்கள் பிழைப்புக்கான கருவிகளாகும். எனவே, தொழிற்பயிற்சி நிலையங்களில் சொற்களை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், ஒரு கம்பியை அறுத்துவிட்டு எந்திரம் நிற்கிறதா என மாணவரே சோதித்தறியச் செய்ய வேண்டும். முந்தைய தலைமுறை கூண்டிலேறும்போது நாடிய உறுதியும் அதுவே.