பாரம் இறங்கும் இடம்

புளியங்கூடல்,
ஊர்காவற்றுறை.

அன்புள்ள பெறாமகளுக்கு,

உன் குதிக்கால் உளைவைப் பற்றி அம்மா சொன்னாள். காலமை எழும்பி வைக்கும் முதல் அடியில் ஊசி குத்துகிறது, நாலடி நடந்தால் குறைகிறது, புடைவைக்கடையில் நின்று களைத்துப் பின்னேரம் வந்தால் திரும்பவும் தொடங்குகிறது. குதியெலும்பிலிருந்து விரல்களின் அடி வரை ஓடும் தடித்த சவ்வு படும் வேதனை இது. இரவில் பாதம் தளர்ந்து கிடக்கும்போது அந்தச் சவ்வு இறுகிவிடும். முதல் அடியில் சடாரென்று இழுபடும். பயப்படாதே பிள்ளை, பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் மாறிவிடும். ஆனால் தைலம் பூசிவிட்டு மறுநாளும் பழையபடி நின்றால் மாறுவது கடினம்.

ஒரு கணக்குப் பார். உன் எடை 50 கிலோ என்று வைப்போம். இரண்டு காலிலும் சமமாக நின்றால் ஒரு பாதத்துக்கு 25 கிலோ. அதில் ஏறத்தாழ 60 வீதம் குதியில் இறங்கும். அதாவது 15 கிலோ. புடைவை மேசையில் சாய்ந்து, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, மற்றக் காலைத் தளர்த்தி நிற்கிறாய் அல்லவா? அப்போது ஒரே குதியில் 30 கிலோவுக்குக் கிட்ட. அதுவும் வெறுங்காலோடு, டைல்ஸ் தரையில், மணிக்கணக்காக. சுவாமி காவும்போது ஒரு பக்கத்தார் தோளைத் தளர்த்தினால் மறுபக்கத்தாருக்கு என்ன நடக்குமோ, அதுதான் உன் குதிக்கும் நடக்கிறது.

எங்கள் தீவுப் பெண்களுக்கு இது பழைய கதை. நல்ல தண்ணீர்க் கிணறு தூரத்தில். 10 லீற்றர் தண்ணீர் என்றால் 10 கிலோ. குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்தால் உடம்பு மறுபக்கம் வளையும், பாரம் ஒரு காலுக்கே கூடுதலாகப் போகும். இடைவழியில் குடத்தை இறக்கி, இடுப்பு மாற்றி எடுத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

பாரம் முன்னுக்குப் போனாலும் கரைச்சல்தான். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் கணுக்கால் சரியாக மடங்காது. நடக்கையில் குதி வேளைக்கே கிளம்பிவிடும், விரலடி கூடுதலாகச் சுமக்கும். குதி உயர்ந்த செருப்பும் அதைத்தான் செய்கிறது. தொடர்ந்து அழுந்தும் இடத்தில் தோல் தடித்துக் காய்க்கும். அதன் நடுவே கால் ஆணி இறங்கும். பெருவிரல் மூட்டுப் புடைப்பதற்குப் பரம்பரை முக்கிய காரணம். முனை ஒடுங்கிய சப்பாத்து அதைக் கூட்டிவிடும். உன் பாட்டாச் செருப்பைத் திருப்பிப் பார். குதியின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்வது வழமை. ஒரு செருப்பு மட்டும் மற்றதைவிட நன்றாகத் தேய்ந்திருந்தால், பாரம் எந்தப் பக்கம் போகிறது என்று யோசி.

ஒரே இடம் தொடர்ந்து அழுந்தினால் என்ன நடக்கும் என்பதை உலகம் படித்தது தொழுநோயாளரின் பாதங்களிலிருந்து. கொல்லிமலையில் 1914இல் பிறந்த டொக்டர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நோயால் சதை அழுகுகிறது என்றே அதுவரை பலரும் நம்பினார்கள். உணர்வு செத்த பாதத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்துவதால்தான் புண் வருகிறது என்று அவர் காட்டினார். உணர்வுள்ள மனிதன் தன்னையறியாமலே கால் மாற்றி நிற்கிறான், அடியை மாற்றி வைக்கிறான். வலி இல்லாதவன் மாற்றுவதில்லை. பாரத்தைப் பாதம் முழுக்கப் பகிரும் பிளாஸ்டர் கட்டோடு நடக்கவிட்டு அந்தப் புண்களை ஆற்றலாம் என்று அதற்கு முன்பே, 1930களில், இலங்கையில் செய்து காட்டியவர் அறுவைச் சிகிச்சை நிபுணர் மில்ரோய் போல். பிராண்ட் அந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நீரிழிவால் பாதத்தில் வரும் புண்ணுக்கு இன்றும் அதுவே தலையாய சிகிச்சைகளில் ஒன்று.

வலி தெரியாத பாதத்தைப் பற்றி உனக்கு எழுதுவதற்குக் காரணம் அம்மம்மா. சீனி வருத்தத்தால் அவவின் காலில் உணர்வு குறைந்துவிட்டது. போன கிழமை கால் கழுவிவிடும்போது, பெருவிரலுக்குக் கீழே காய்த்த இடத்தில் ஒரு நெருஞ்சி முள் ஆழமாக ஏறியிருந்தது. சுற்றிலும் இரத்தம் காய்ந்திருந்தது. "ஒண்டும் தெரியேல்லையடி" என்றா. இப்போது தினமும் பொழுதுபட அவவின் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்க்கிறேன். கோயில் வீதி மணல் சுடும் நேரத்தில் வெறுங்காலோடு போக விடுவதில்லை. காய்ப்பை பிளேட்டால் வெட்டவும் விடமாட்டேன். அது கிளினிக்கில் செய்யவேண்டிய வேலை.

உனக்கு வலி தெரிகிறது. அது சொல்வதைக் கேள். நேராக விறைத்து நிற்கச் சொல்லவில்லை. எவ்வளவு நல்ல நிலையும் நெடுநேரம் நீடித்தால் கேடுதான். முழங்காலைப் பூட்டாமல் இரண்டு காலிலும் நில். மேசைக்கடியில் ஒரு சிறு பலகைக்கட்டை போட்டு, கால்களை மாற்றி மாற்றி அதில் வை. ஆள் இல்லாத நேரம் உட்கார்ந்திரு. கடைக்குள் மட்டும் போட மெத்தென்ற செருப்புக்கு முதலாளியிடம் அனுமதி கேள்; குதி வலி என்று வாய் திறந்து சொல்.

காலமை கட்டிலை விட்டு இறங்க முன்னர், கால் விரல்களைக் கையால் உன் பக்கமாக இழுத்து 10 விநாடி பிடி. 10 தரம் செய். பிறகு சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, குதி நிலத்தை விட்டுக் கிளம்பாமல் அரை நிமிடம் சாய்ந்து நில். ஒவ்வொரு காலுக்கும் மூன்று தரம். வீக்கம், விறைப்பு, படுத்திருந்தாலும் விடாத வலி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் டொக்டரிடம் போ.

போயா விடுமுறைக்கு வரும்போது அந்தப் பாட்டாவையும் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம். அன்றைக்கு அம்மம்மாவின் கால் பார்க்கும் வேலை உன்னுடையது. எப்படிப் பார்ப்பதென்று நான் பழக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா