கார் சன்னலில் காற்று கூவுவது ஏன்?

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

காற்றைக் கண்ணால் காண இயலாது, காதால் கேட்கலாம். பனையோலையில் அது சலசலக்கிறது; புல்லாங்குழலில் இசையாகிறது; ஓடும் காரின் சன்னலிலோ 'உய்ய்' என்று கூவிக் காதைத் துளைக்கிறது. இக்கூவல் ஏன் உண்டாகிறது, அது எழும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி, பெருஞ்செலவின்றி அதைப் போக்கும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இதை அறிவதால் என்ன பயன்?

"சத்தம்தானே, பொறுத்துக்கொள்ளலாம்" என்று சிலர் கூறுவர். எங்கள் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நோயாளிகளை அழைத்துச் செல்வதே பெரும்பாலும் அவருடைய வேலை. சென்ற ஆண்டு அவருடைய காரின் பின்கதவொன்றில் இக்கூவல் தொடங்கியது. பின்னிருக்கையில் இருக்கும் நோயாளி மெல்லிய குரலில் தண்ணீர் கேட்டால் அவருக்குக் கேட்பதில்லை. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் அருகில் வந்த பிறகே கேட்டது. காதுக்கருவி அணிந்த எங்கள் ஆச்சி, அக்காரில் ஏறியதும் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவார்கள். பேச்சோடு இரைச்சலையும் கருவி பெருக்கிக் காட்டியதே காரணம். பட்டறையில் கேட்டபோது கண்ணாடி, ரப்பர், சேனல் யாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அது சித்தப்பாவின் பல நாள் வருமானம் அன்றோ! ஆகவே, மாற்றுமுன் காரணத்தை ஆராயலாம் என்று முடிவு செய்தோம்.

கூவலின் காரணம்

பாயும் காற்றின் வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். பாய்மங்களின் வேகத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள இத்தொடர்பை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

கார் விரையும்போது காற்று முன்கண்ணாடியின் ஓரத்தூணைச் சுற்றி வளைந்து, பக்கக் கண்ணாடிகளை ஒட்டி வேகமாகப் பாய்கிறது. அங்கே வெளியழுத்தம் குறைகிறது. காரின் உள்ளழுத்தம் அதைவிட மிகுதியாக இருக்கிறது. எனவே கண்ணாடியும் கதவின் மேற்சட்டமும் சிறிதளவு வெளிப்புறமாக இழுக்கப்படுகின்றன. ரப்பர் மென்மையாக இருந்தால் உடன் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். கெட்டிப்பட்டிருந்தால் மயிரிழை போன்ற இடுக்கு தோன்றும். அதன் வழியே உள்ளிருக்கும் காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. வெளிக்காற்று உள்ளே புகுவதுதான் கூவலுக்குக் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. நின்றிருக்கும் காரில் இடுக்கு ஏதும் தென்படாததன் காரணமும் இதுவே.

வேகமும் ஒலியும்

கார் மீது மோதும் காற்றின் ஒலியாற்றல், வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்காகப் பெருகும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தை 80 ஆக்கினால் ஒலியாற்றல் இருமடங்கு அன்று, 64 மடங்கு ஆகும். டெசிபெல் கணக்கில் இது 18 கூடுதல். நம் காதுக்கு மூன்று மடங்கிற்கு மேல் உரத்ததாகத் தோன்றும்.

இங்கே வேகம் என்பது காற்றைப் பொறுத்த வேகம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் எவ்வளவு வலிமையுடன் வீசும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளைக் கண்டவர் அறிவர். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், 30 கி.மீ. எதிர்க்காற்றைச் சந்தித்தால் 90 கி.மீ. வேகத்திற்குரிய காற்றொலி எழும்.

வேறு இரு ஒலிகள்

எல்லாக் காற்றொலியும் கதவு ரப்பரால் வருவதில்லை. கூரைமேல் சாமான் வைக்கும் கம்பியும் பாடும். கம்பியின் பின்னால் காற்றுச் சுழல்கள் மாறி மாறிப் பிரிவதே இதன் காரணம். செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரூஹால் 1878-இல் இதை ஆராய்ந்தார். காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிடைக்கும். 72 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 20 மீட்டர். கம்பியின் விட்டம் 1 செ.மீ. எனில் அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் ஆகும்.

ஒரே ஒரு பின்சன்னலைத் திறந்தால் 'தும் தும்' என்று காது அடைப்பது மற்றொன்று. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போன்றதே இது. கார்தான் புட்டி, சன்னல்தான் அதன் வாய். மற்றொரு சன்னலையும் சிறிது திறந்தால் இது தணியும்.

இடத்தைக் கண்டறிதல்

1. சாலையின் தரை மாறும்போது ஒலி மாறினால் அது டயரின் ஒலி. நின்ற காரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் கேட்டால் எஞ்சினின் ஒலி. வேகத்தோடும் எதிர்க்காற்றோடும் கூடினால் காற்றின் ஒலி.

2. ரப்பர் மீது ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும். இறுக்கமாக வந்தால் நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் பிடிப்பில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு, கதவைச் சுற்றிலும் இவ்வாறு சோதிக்க வேண்டும்.

3. ஐயத்திற்குரிய இடங்களை வெளியிலிருந்து பேப்பர் டேப்பால் ஒட்டி, காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒலி நின்றால், காரை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும். எதை எடுத்தபின் கூவல் திரும்புகிறதோ அதுவே குற்றமுள்ள இடம். ஓட்டுபவர் சாலையையே கவனிக்க வேண்டும். சீட் பெல்ட் அணிந்த மற்றொருவரே ஒலியைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

பழுது நீக்கும் முறை

முதலில் ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்த வேண்டும். பிறகு சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில் முதலியவற்றைத் தடவலாகாது. ஆயில் பட்டால் ரப்பர் உப்பிக் கெடும். நம் குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் கிடைக்கும் இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிப்புறும். அதனாலேயே இன்றைய கார்க்கதவுகளுக்குப் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். எனும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் ஆண்டுகள் பல அழுந்திக் கிடந்தால் மீளும் தன்மையை இழக்கும். அப்போது அந்த ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். ரப்பர் நன்றாக இருந்தும் காகிதம் வழுக்கினால், கதவு தளர்வாக மூடுகிறது என்று பொருள். பட்டறையில் கதவின் லாக்கைச் சரிசெய்து தருவார்கள்.

சித்தப்பாவின் காரில் காகிதம் வழுக்கியது பின்கதவின் மேல்மூலையில் மட்டுமே. அங்கே ஒரு சாண் நீளத்திற்கு ரப்பர் தடத்தைவிட்டு விலகிக் கெட்டிப்பட்டிருந்தது. அக்கதவின் ரப்பரை மட்டும் மாற்றினார்கள். கண்ணாடியும் சேனலும் பழையனவே. இப்பொழுது ஆச்சி திருநெல்வேலி வரை கருவியைக் கழற்றாமல் பேசிக்கொண்டே வருகிறார்கள்.

முடிவுரை

காற்றொலியை முற்றிலும் ஒழிக்க எவராலும் இயலாது. பக்கக் கண்ணாடியும் ஓரத்தூணும் உள்ளவரை சிறிது இரைச்சல் இருந்தே தீரும். வேகத்தைக் குறைத்தால் அதுவும் அடங்கும். ஆனால் இடுக்கினால் எழும் கூவலை நாம் நீக்கலாம். அதற்கு முதலில் வேண்டியது பணம் அன்று. ஒரு துண்டுக் காகிதமும் சிறிது பொறுமையும்தான். பழுது எங்கே என்று அறிந்த பின்னரே எதையும் மாற்றுவோம். காரில் உள்ளோர் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும்படியாகவும், சாலையில் எழும் எச்சரிக்கை ஒலிகள் ஓட்டுநரின் காதில் விழும்படியாகவும் நம் பயணங்களை அமைத்துக்கொள்வோமாக!