நிலக்காட்சி ஓவியனின் கருவிகள்

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. கைத்திறன் எத்துணைச் சிறந்ததாயினும், அதனைத் தாங்கும் பொருள் செவ்விதாக அமையாவிடின் ஓவியம் நிலைபெறாது. மலை, ஆறு, வயல், வானம் ஆகியவற்றைத் திறந்த வெளியில் அமர்ந்து நீர்வண்ணத்தால் தீட்ட விரும்புவோர்க்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

நீர்வண்ணம் இருவகைப்படும். ஒன்று, ஒளி ஊடுருவும் தெளிவண்ணம். மற்றொன்று, 'குவாஷ்' எனப்படும் செறிவண்ணம். இரண்டிலும் வண்ணப்பொடியைப் பெரும்பாலும் வேலமர இனத்துப் பிசினோடு குழைப்பர். தெளிவண்ணத்தில் தாளின் வெண்மையே முகிலாகவும், நீரின் மினுமினுப்பாகவும் விளங்கும். ஆதலின், ஒளி வேண்டும் இடத்தைத் தீண்டாது விடுதலே அதன் நுட்பம். குவாஷ் வண்ணமோ அடியில் உள்ளதை மறைக்க வல்லது. இருண்ட மரச்செறிவைத் தீட்டி முடித்த பின்னரும், அதன்மேல் வெயில் படிந்த இலைகளை இட்டுக்கொள்ளலாம். தெளிவண்ணப் பெட்டி ஒன்றும், குவாஷ் வெள்ளைக் குழாய் ஒன்றும் பெற்றிருப்பின், தொடக்க நிலையில் உள்ளோர் இருவகைப் பயனையும் எய்தலாம்.

பல நிறங்களை வாங்கிக் குவித்தல் வேண்டா. எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், செங்காவி, நல்ல சிவப்பு ஒன்று, நீலம் இரண்டு ஆகிய ஆறே போதும். மஞ்சளும் நீலமும் கலந்தால் பலவகைப் பச்சைகள் பிறக்கும். ஆழ்ந்த நீலத்தோடு செங்காவியைக் கலந்தால் கார்முகிலின் சாம்பல் நிறம் தோன்றும்.

ஆயினும், நிறத்தின் பொலிவை மட்டும் கண்டு மயங்குதல் கூடாது. சில வண்ணங்கள் ஒளி படப்பட வெளிறிப் போகும். இங்கிலாந்து நாட்டுப் பேரோவியர் டர்னர் (1775–1851) பூச்சியிலிருந்து எடுக்கப்பெறும் செஞ்சாயம் முதலிய நிலையா வண்ணங்களையும் கையாண்டார். வண்ணம் செய்து விற்ற வின்சர் என்பார் இதன் தீங்கினை எடுத்துரைத்தும் அவர் செவிசாய்த்திலர் என்பர். அவருடைய ஓவியங்கள் சிலவற்றில் அந்திவானத்தின் செம்மை பிற்காலத்தே மங்கிவிட்டது. 1888-ஆம் ஆண்டில் ரசல், அப்னி என்னும் அறிஞர் இருவர் நீர்வண்ணங்களை ஆராய்ந்து, அவற்றுட் பல ஒளியால் கெடுதலை அறிக்கையாக வெளியிட்டனர். டர்னரின் நீர்வண்ண ஓவியங்களைத் திரட்டி வைத்திருந்த ஹென்றி வாகன் என்பவர், அவற்றுள் 38 ஓவியங்களை ஸ்காட்லாந்து நாட்டுக் கலைக்கூடத்திற்கு எழுதி வைத்தார். 1900-ஆம் ஆண்டில் அவை அங்குச் சேர்ந்தன. ஒளி மிகக் குறைந்த ஜனவரித் திங்களில் மட்டுமே அவற்றைக் காட்சிக்கு வைத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஓவியன் ஆராயாது கொண்ட வண்ணத்தைப் பின்னோர் எத்துணை விழிப்போடு காக்க வேண்டியுள்ளது!

இக்காலத்தில் நல்ல வண்ணக் குழாய்களின்மேல் ஒளி தாங்கும் ஆற்றலைக் குறிக்கும் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். ஐயம் எழுந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு தாளில் கோடாகத் தீட்டி, அத்தாளை இரண்டாக நறுக்குக. ஒரு பாதியை நூலினுள் வைத்து, மறுபாதியை வெயில் படும் சாளரத்தில் தொங்கவிடுக. சில திங்கள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் உண்மை விளங்கும்.

அடுத்து வேண்டுவது தாள். மெல்லிய தாள் நீர் பட்டவுடன் நெளியும். மரக்கூழால் ஆகிய மலிவான தாள் நாளடைவில் பழுப்பேறும். பருத்தியிழைத் தாள் நெடுநாள் நிற்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் ஏற்றது. அதனை நனைத்துப் பலகையில் பரப்பி, ஓரங்களைப் பசைநாடாவால் ஒட்டி உலர்த்தினால், முரசின் தோல்போல் விறைத்து நிற்கும்.

தூரிகைகள் மூன்று போதும். வானத்திற்கு அகன்ற பட்டைத் தூரிகை ஒன்று; மற்றவற்றிற்கு உருண்டைத் தூரிகை பெரிதும் சிறிதுமாக இரண்டு. நனைத்து உதறியதும் நுனி கூராகக் கூடுவதே நல்ல உருண்டைத் தூரிகைக்கு இலக்கணம். கழுவுதற்கு ஒன்றும், கலத்தற்கு ஒன்றுமாக நீர்க்கலங்கள் இரண்டு வேண்டும். வண்ணம் குழைக்க வெண்ணிறத் தட்டும், துடைக்கப் பழந்துணியும், கரிக்கோலும் உடன் இருத்தல் நலம்.

செல்வம் மிக்கோரே இக்கலையைப் பயிலலாம் என எண்ணுதல் தவறு. நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தாளின் தரத்தையும் வண்ணத்தின் உறுதியையும் பேணுவதே அறிவுடைமை. தோளில் தொங்கும் ஒரு பைக்குள் அடங்கும் பொருள்களே ஓவியனுக்குப் போதும். அவற்றின் இயல்பை முன்னரே அறிந்து திரட்டுபவனது ஓவியம், அவன் கண்ட காட்சியைப் பின்னோர்க்கும் மங்காது காட்டும்.