பூனை தத்தெடுக்கப் போறீங்களா? முதல்ல டாக்டர் பேரைச் சொல்லுங்க!

பூனைக்குட்டி வேண்டுமென்று ஒரு அமைப்பிடம் விண்ணப்பம் போடுகிறீர்கள். பெயர், முகவரி, சொந்த வீடா வாடகையா, பால்கனியில் வலை இருக்கா... மளமளவென்று எழுதிக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் பேனா நின்றுவிடும். 'இதற்கு முன் நீங்கள் வளர்த்த பிராணிகளைப் பார்த்த கால்நடை டாக்டர் யார்? அவரது போன் நம்பர்?'

"என்னங்க இது, பொண்ணு கொடுக்கிற மாதிரி விசாரிக்கிறாங்க!" என்று முகம் சுளிக்க வேண்டாம். கிட்டத்தட்ட அப்படித்தான். குட்டியைக் கொடுப்பவர்கள் பெண் வீட்டுக்காரர்கள். அவர்களுக்குக் கவலை இருக்காதா? அமெரிக்காவில் பல அமைப்புகள் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பூனையையே கையில் தருகின்றன. இப்போது நம் பக்கமும் சிலர் கேட்கிறார்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பார்கள்? பழைய பூனைக்கு தடுப்பூசி ஒழுங்காகப் போட்டார்களா, கருத்தடை ஆபரேஷன் செய்தார்களா, உடம்பு சரியில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு வந்தார்களா, இல்லை நாலு நாள் கழித்து வந்தார்களா... கூடவே, பழைய பூனை எப்படி இறந்தது என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம்.

ஏன் தெரியுமா? பூனைகளுக்கு 'பான்லூக்கோபீனியா' என்று ஒரு வைரஸ் நோய் வரும். வாந்தி, பேதி, காய்ச்சல்; குட்டியென்றால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பூனை போன பிறகும் வைரஸ் போகாது. தரையிலும் சாக்கிலும் கூடையிலும் ஒரு வருஷம் வரைகூடத் தங்கும். சாதாரண பினாயிலுக்கு அது அசையாது; ப்ளீச்சிங் கலந்த தண்ணீருக்குத்தான் சாகும். அந்த வீட்டுக்கு ஊசி போடாத புதுக் குட்டி வந்தால்? அதே கதிதான். அதனால், "போன வருஷம் ஒரு குட்டி பேதியில போயிடுச்சு" என்பதை மறைக்காதீர்கள். சொன்னால், தடுப்பூசி முழுசாக முடிந்த பெரிய பூனையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. ரேபிஸ் ஊசி 3 மாதத்தில்.

நம் ஊரில் ஒரு சிக்கல். வெளிநாட்டு டாக்டர் ஃபைலைப் புரட்டிப் பதில் சொல்வார். இங்கே பல கிளினிக்குகளில் ஃபைல் கிடையாது. நம் கையில் இருக்கும் தடுப்பூசிப் புத்தகம்தான் ஜாதகம்! அதில் மருந்து பாட்டிலின் லேபிள் ஒட்டியிருக்கிறதா, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் வைத்தியம் பார்க்கலாம். யாரோ உதவியாளர் வீட்டுக்கு வந்து போட்ட ஊசிக்கு எந்த டாக்டரும் சாட்சி சொல்ல மாட்டார்.

டாக்டரிடம் முன்கூட்டியே, "என் பேரைச் சொல்லி போன் வரும், தாராளமா சொல்லுங்க சார்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் விஷயத்தை அவர் வெளியே சொல்லத் தயங்குவார், அது நியாயம்தானே.

"நாங்க பூனையே வளர்த்ததில்லையே?" பரவாயில்லை. நாய் வளர்த்திருந்தால் அந்த டாக்டர் போதும். தெருப் பூனைக்குச் சோறு வைத்து, கருத்தடைக்குத் தூக்கிப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள். எதுவுமே இல்லையா? விண்ணப்பத்துக்கு முன்னாலேயே வீட்டுப் பக்கத்து டாக்டரைப் போய்ப் பாருங்கள். பூனை பார்ப்பீர்களா (சிலர் நாய் மட்டும்தான் அதிகம் பார்ப்பார்கள்), ஆபரேஷன் செய்வீர்களா, ராத்திரி அவசரம் என்றால் எங்கே போவது என்று கேட்டு வையுங்கள். பெரிய வைத்தியத்துக்கு இருக்கவே இருக்கிறது வேப்பேரி: 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. ஆவடி, அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ. பூந்தமல்லிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை பஸ்.

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அங்கே பிராணிக்கு உரிமம் வாங்க ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் வேண்டும். 2019-லிருந்து தனி மாநகராட்சியான ஆவடியில் இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

அவர்கள் மட்டும்தான் கேட்க வேண்டுமா? நீங்களும் கேளுங்கள். குட்டியைப் பார்த்த டாக்டர் யார், என்னென்ன ஊசி ஆச்சு, கருத்தடை எப்போது? பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினையாகிவிடும். "வளரட்டும், பார்க்கலாம்" என்றிருந்தால் 9 வாரத்தில் வீடு நிறையக் குட்டி!

டாக்டர் நம்பரை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். பூனைக்கு ஜுரம் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கும் பாட்டிமார் உண்டு. அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. அரை மாத்திரையே உயிருக்கு உலை வைக்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நம்பருக்கு அப்போதே போன் போடுங்கள். எத்தனை மில்லிகிராம் மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள்.